ஏழு குருமார்களும் ஒரே குடும்பம் என்றால் அது பரம்பரை இல்லையா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 2

சீக்கியத்தில் குலம் கோத்திரம் கிடையாது என்கிறார்கள். ஆனால் பத்து குருமார்களில் நான்காமவர் தொடங்கிப் பத்தாமவர் வரை ஏழு பேருமே சோதி குடும்பம். அப்பா, மகன், பேரன், சின்னத் தாத்தா என்று வீட்டுக்குள்ளேயே சுற்றியிருக்கிறது. இதை வாரிசு முறை என்று ஏன் சொல்லக் கூடாது? பஞ்சாபில் இருக்கிற யாராவது சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, மதியம்

நான் திருநெல்வேலிக்காரி. 14 வருடமாக ஜலந்தரில் இருக்கிறேன், சீக்கியக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், கல்யாணத்துக்கு முன்பே கௌர் (சீக்கியப் பெண்கள் எல்லாரும் பேரோடு சேர்த்துக்கொள்வது) ஆனவள். ஏழு பேர் கணக்கு சரிதான். ஆனால் பட்டம் யாருக்குப் போனது என்று மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். யாருக்குப் போகவில்லை என்றும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

குரு நானக்குக்கு இரண்டு மகன்கள், ஸ்ரீ சந்த், லக்மி தாஸ். 1539இல் அவர் தன் இடத்தில் உட்காரவைத்தது லெஹ்னா என்ற சீடரை. அவருக்கு அங்கத் என்று பேர் மாற்றினார், தன் அங்கத்தில் ஒன்று என்ற பொருளில். அங்கதுக்கும் தாசு, தாது என்று மகன்கள் உண்டு. 1552இல் பட்டம் போனதோ 73 வயது அமர் தாஸுக்கு. அவர் தன் குருவைவிட 25 வயது மூத்தவர், அந்த வயதில் பியாஸ் ஆற்றிலிருந்து தினமும் குருவுக்குக் குளிக்கத் தண்ணீர் சுமந்தவர். அவர் இந்த வழிக்கு வந்ததே வீட்டு மருமகள் விடியலில் பாடிய பாட்டைக் கேட்டுத்தான். அந்த மருமகள் குரு அங்கதின் மகள் பீபி அம்ரோ. மாமனார் மருமகளிடம் போய் யார் பாட்டு இது என்று கேட்கிறார், என்னை அவரிடம் கூட்டிப் போ என்கிறார்.

அப்பாவின் பட்டம் தனக்கு வரவில்லை என்ற கோபத்தில் தாது கோயிந்த்வாலுக்கு வந்து, சபையில் உட்கார்ந்திருந்த அமர் தாஸை எட்டி உதைத்தாராம். கிழவர் எழுந்து அவர் காலைப் பிடித்துவிட்டு, என் எலும்பு முற்றிப்போன எலும்பு, உங்களுக்கு வலித்திருக்குமே என்றாராம். என் மாமியார் இதைச் சொல்லும்போதெல்லாம் தன் முழங்காலைத் தொட்டுக்கொள்வார்.

பிப்ரவரி 3, இரவு

மதியம் எழுதியதில் ஒரு தப்பு. பீபி அம்ரோவுக்கு அமர் தாஸ் மாமனார் இல்லை. அவர் தம்பி மகனைத்தான் அம்ரோ கட்டியிருந்தார், ஆக நம் கணக்கில் பெரிய மாமனார். பீஜி (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுகிறேன்) படித்துக் காட்டச் சொன்னார், நான் பஞ்சாபியில் சொல்லச் சொல்லக் கேட்டவர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டார்.

பிப்ரவரி 6

கேள்வி கேட்டவர் மறுபடியும், "முதல் மூன்று பேரை விடுங்கள், சோதிகள் ஏழு பேருக்குப் பதில் சொல்லுங்கள்" என்கிறார். நியாயம்.

முதல் சோதி குரு ராம் தாஸ். லாகூர்க்காரர், சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்தவர், அவித்த கடலை விற்றுப் பிழைத்த ஜேட்டா. குரு அமர் தாஸ் தன் மகள் பீபி பானியை அவருக்குக் கொடுத்தார். 1574இல் மோகன், மோஹ்ரி என்று இரண்டு மகன்கள் இருக்க, பட்டத்தை மருமகனுக்குக் கொடுத்தார். அதற்கு முன் இரண்டு மருமகன்களையும் மண் திட்டு கட்டச் சொல்லி, கட்டினதை இடித்து இடித்து மறுபடி கட்டவைத்தார், மூத்த மருமகன் முகம் சுளித்துவிட்டார், ஜேட்டா ஏழு தடவை கட்டினார் என்று சொல்வார்கள். மோஹ்ரி தன் கூடப்பிறந்தவள் புருஷன் முன்னால் குனிந்து வணங்கியது சீக்கியரின் புனித நூலான கிரந்த சாகிப்பிலேயே இருக்கிறது, எழுதியவர் அமர் தாஸின் கொள்ளுப் பேரன் சுந்தர்.

ஆக சோதி வரிசை தொடங்குவதே ஒரு மகள் வழியாக. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

அதற்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே போனது, ஒத்துக்கொள்கிறேன். பானி அப்பாவைக் குளிப்பாட்டும்போது பலகையின் கால் உடைந்துவிட, பெரியவர் விழக் கூடாதென்று தன் கையை அடியில் கொடுத்தார், ரத்தம் வந்ததைப் பார்த்து அப்பா என்ன வேண்டும் என்று கேட்க, குரு பட்டம் இனி இந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்று கேட்டார் என்பது கதை. அப்பா கொடுத்தார், ஆனால் ஓடுகிற தண்ணீரைக் கட்டிவிட்டாய், இதனால் துன்பம் வரும் என்றும் சொன்னார். வந்தது. பானியின் கடைசி மகன் அர்ஜன் 1606இல் லாகூரில் கொல்லப்பட்டார். பேரன் ஹர்கோவிந்த் குவாலியர் கோட்டையில் சிறை. கொள்ளுப் பேரன் தேக் பகதூருக்கு 1675இல் தில்லியில் தலை போனது. அவருடைய நான்கு பேரன்களும் வயதுக்கு வருமுன்னோ வந்த உடனேயோ போய்விட்டார்கள். இந்த வீட்டில் பிறந்ததால் கிடைத்த சொத்து இதுதான்.

அப்போதும் மூத்த மகன் என்ற உரிமை எடுபடவில்லை. 1581இல் பட்டம் கடைசி மகனுக்குப் போனது. மூத்தவர் பிருத்தி சந்த், அர்ஜன் லாகூரிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதங்களை மறைத்துவிட்டார் என்றும், மூன்றாவது கடிதத்தில் 3 என்று எண் போட்டிருந்ததால் மாட்டிக்கொண்டார் என்றும் சொல்வார்கள். அப்பா வா என்று கூப்பிடாமல் சொந்தக்காரர் கல்யாண வீட்டிலேயே மாதக்கணக்கில் காத்துக் கிடந்த பையன் எழுதியவை அவை. உன்னைப் பார்க்க என் மனம் ஏங்குகிறது என்று தொடங்கும் அந்தப் பாடலை இங்கே இன்றும் தினசரி வழிபாட்டில் பாடுகிறார்கள்.

பிப்ரவரி 7

ஸ்ரீ சந்தைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். முதல் குறிப்பைப் படித்தால் அவரைத் தள்ளிவிட்டார்கள் என்று தோன்றும். அவர் வீடு வாசல் வேண்டாம் என்று துறவியானவர், உதாசிகள் அவர் வழி வந்தவர்கள். அப்பாவோ வீட்டில் இருந்து உழைத்துச் சாப்பிட்டுப் பகிர்ந்துகொள்வதுதான் வழி என்றவர், கடைசிக் காலத்தில் கர்தார்பூரில் வயலில் வேலை செய்தவர். காரணம் அங்கே இருக்கிறது. ஆனால் மரியாதை குறையவில்லை. ஆறாவது குரு தன் மூத்த மகன் குர்தித்தாவையே ஸ்ரீ சந்திடம் கொடுத்தார்.

மகன்கள் சொல் கேட்கவில்லை என்று சொல்லும் வரியும் கிரந்த சாகிப்பில் இருக்கிறது, சத்தா, பல்வந்த் என்ற இரண்டு பாடகர்கள் பாடியது. அதே பாட்டில்தான் குரு அங்கதின் மனைவி மாதா கீவியைப் பேர் சொல்லிப் புகழ்கிறார்கள், அடர்ந்த இலை நிழல் போன்றவள், அவள் லங்கரில் (எல்லாருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் பந்தி) நெய் விட்ட பாயசம் கிடைக்கும் என்று. மகன்களின் குறையும் மருமகளின் சமையலும் ஒரே பாட்டில்.

மாதா கீவி குரு நானக்குக்கு மருமகள் இல்லையே என்று யாராவது திருத்துவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இங்கே பேச்சில் அப்படித்தான் சொல்கிறார்கள், லெஹ்னாவை மகனாக வைத்து.

பிப்ரவரி 11

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் குடும்பம் பற்றியதுதான்.

கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டு ஆல்பத்தைப் பீஜிக்குக் காட்டினேன். இது என் சித்தி, இவர் அவள் புருஷன், அவளுக்குத் தாய்மாமன் மகன் என்று சொன்னதும் பீஜி ஆல்பத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். மாமா மகன் என்றால் அண்ணன் அல்லவா, அண்ணனையா கட்டிக்கொடுத்தீர்கள் என்று கேட்டார். இங்கே அப்பாவின் கோத்திரம், அம்மாவின் கோத்திரம், அப்பாவின் அம்மா, அம்மாவின் அம்மா என்று நாலையும் விலக்கித்தான் பெண் பார்ப்பது பழைய வழக்கம். நமக்கு அத்தை என்ற ஒரே சொல் அப்பாவின் அக்காவுக்கும் மாமன் மனைவிக்கும் மாமியாருக்கும் வரும். இவர்களுக்கு பூவா, மாமி, சஸ் என்று மூன்றும் வேறு வேறு. அப்பாவின் அண்ணன் தாயா, தம்பி சாச்சா. அம்மாவின் தங்கை மாஸி. நான் இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்துப் படித்தேன்.

ஒரு இடத்தில் மட்டும் இரண்டு வீடும் சேர்ந்தது. கல்யாணத்தன்று பெண்ணுக்குச் சிவப்பு வளையல், சூடா, போடுவது இங்கே தாய்மாமன். திருநெல்வேலியிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்த என் மாமா, மொழி ஒரு சொல் தெரியாமல், என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்தார். அவருக்கு அது சீர்.

பிப்ரவரி 15

அம்மா போனில் கேட்ட கேள்வி: "அவங்களுக்குக் குலதெய்வம் எது?" கிடையாது அம்மா என்று பெருமையாகச் சொன்னேன். பிறகு பார்த்தால் உண்டு. கிராமத்துக்கு வெளியே ஜதேரே என்று ஒரு சின்ன மேடை, அந்தக் கோத்திரத்தின் மூதாதையருக்கு. கல்யாணம் முடிந்து புது மருமகளைக் கூட்டிப் போய் வணங்கச் செய்வார்கள். சீக்கிய நடைமுறைக் கோவை (1945இல் குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி கமிட்டி ஏற்றது) இந்த மாதிரி வழிபாடு கூடாது என்கிறது, சாதியும் கோத்திரமும் பார்க்காமல்தான் சீக்கியர் கல்யாணம் நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மாமனார் அமிர்தம் எடுத்தவர், அதாவது சீக்கிய தீட்சை பெற்றவர், அங்கே வர மாட்டார். ஆனால் அவருடைய அண்ணி, என் பெரிய மாமியார், என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். நான் போனேன். மேடைக்கு முன் நின்றபோது எனக்கு எங்கள் ஊர் சாஸ்தா கோயில்தான் ஞாபகம் வந்தது, பங்குனி உத்திரத்தில் எல்லாரும் கூடுவது.

போயிருக்கக் கூடாதோ என்று இப்போதும் நினைக்கிறேன். போகாமல் இருந்திருந்தால் அந்தப் பெரியம்மா மனம் நொந்திருக்கும் என்றும் நினைக்கிறேன்.

பிப்ரவரி 22

மாமனார் அமிர்தம் எடுத்தது அவருடைய நாற்பதாவது வயதில், ஆனந்தபூரில். அன்று அமிர்தம் கொடுத்த ஐந்து பேர் அவரிடம் சொன்னது: இன்றிலிருந்து உன் அப்பா குரு கோவிந்த் சிங், உன் அம்மா மாதா சாகிப் கௌர், பிறந்த ஊர் கேஸ்கட் சாகிப், வசிக்கும் ஊர் ஆனந்தபூர். பழைய குலம், பழைய தொழில், பழைய பிறப்பு எல்லாம் அழிந்தது. குல நாசம் என்றே அதற்குப் பேர். நம் காதுக்கு அது சாபம் போடுகிற சொல், இங்கே அது விடுதலை.

மாதா சாகிப் கௌர் வயிற்றில் பிள்ளை பிறக்கவில்லை. கால்சாவுக்கே, அதாவது அமிர்தம் எடுத்தவர்கள் எல்லாருக்குமே, அவர்தான் அம்மா. 1699இல் யார் தலை தருவீர்கள் என்று குரு கோவிந்த் சிங் கேட்டபோது முதலில் எழுந்த ஐந்து பேரில் ஒருவர் துவாரகையின் துணிக்காரர், ஒருவர் பூரியின் தண்ணீர் சுமப்பவர், ஒருவர் நம் தெற்கே பீதரின் முடி திருத்துபவர். ஐந்து பேருக்கும் ஒரே கிண்ணத்தில் அமிர்தம் கொடுத்துவிட்டு, குரு அதே ஐந்து பேரிடம் கை நீட்டித் தானும் வாங்கிக்கொண்டார். 1708இல் நாந்தேடில் போகும்போது மனிதரில் யாருக்கும் பட்டம் இல்லை, கிரந்த சாகிப்தான் இனி குரு என்றார். கேள்வி கேட்டவருக்கு என் பதில் இந்த இடம்தான். வாரிசு முறை என்றால் கடைசியில் நிற்பவர் யாரையாவது தேடிப் பிடித்துத் தத்தாவது எடுத்திருப்பார்.

பேர் விஷயமும் இருக்கிறது. மகள் பிறந்தபோது குருத்வாராவில் கிரந்த சாகிப்பைத் திறந்து வந்த பாட்டின் முதல் எழுத்தில் பேர் வைத்தோம், கூடவே கௌர். ஒரு அலுவலகத்தில் குடும்பப் பேர் என்ன என்று கேட்டார்கள். கௌர் என்றேன். அது எல்லாப் பெண்ணுக்கும் இருப்பது, உங்கள் குடும்பத்தின் பேரைச் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை விண்ணப்பத்தைத் திருப்பினார்கள். நான் வளர்ந்த ஊரில் அப்பா பேரின் முதல் எழுத்து இனிஷியல், அதோடு சரி, சாதிப் பேரை யாரும் ஒட்டிக்கொள்வதில்லை. அதனால் இந்த மதத்தில் வந்து சேர்ந்தபோது கௌர் எனக்குப் புதிதாகத் தோன்றவே இல்லை. மூன்றாவது தடவை கௌர் என்றே வாங்கிக்கொண்டார்கள்.

பிப்ரவரி 23

கேள்வியில் "சின்னத் தாத்தா" என்று எழுதியிருந்தீர்களே, அது அழகான இடம். எட்டாவது குரு ஹர் கிருஷன் 1664இல் தில்லியில் அம்மையில் போனபோது வயது எட்டுகூட நிரம்பவில்லை. கடைசியாகச் சொன்னது "பாபா பகாலே", தாத்தா பகாலாவில் இருக்கிறார் என்று. பகாலாவில் இருபத்திரண்டு பேர் நான்தான் அந்தத் தாத்தா என்று உட்கார்ந்துவிட்டார்கள், பெரும்பாலும் சோதி உறவினர்கள்தான். உண்மையானவர் யாரிடமும் எதுவும் கேட்காமல் தியானத்தில் இருந்தார், மக்கன் ஷா என்ற வியாபாரி கண்டுபிடித்தார். அவர்தான் தேக் பகதூர்.

மார்ச் 4

இதுவரை எழுதியதைப் படித்த ஒரு தோழி, எல்லாம் நன்றாகவே நடக்கிற மாதிரி எழுதியிருக்கிறாய் என்றாள். அவள் பஞ்சாபில் தலித் குடும்பத்தில் பிறந்தவள். அவள் கிராமத்தில் இரண்டு குருத்வாராக்கள், இரண்டு சுடுகாடுகள். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மாப்பிள்ளை தேவை விளம்பரம் ஜாட், காத்ரி, ராம்கடியா என்று சாதிவாரியாகக் கட்டம் கட்டித்தான் வருகிறது. என் கணவரின் சித்தப்பா மகள் வேறு சாதிப் பையனைக் கேட்டபோது வீடு மூன்று மாதம் பேசவில்லை. பையன் அமிர்தம் எடுத்தவன், பெண் வீட்டில் யாரும் எடுக்கவில்லை, கோவைப்படி பார்த்தால் அவன்தான் ஒரு படி மேல். மாமனார் அதைச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. கல்யாணம் நடக்கவில்லை.

அதனால் குலம் அழிந்துவிட்டது என்று நான் எழுதியிருந்தால் அதைத் திருத்திப் படியுங்கள். அழிக்கச் சொல்லியிருக்கிறது. அழிக்கவில்லை.

மார்ச் 5

நேற்று எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை.

அமிர்தம் எடுக்கும்போது யார் யாரோடு உறவு வைக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். மீணாக்கள், அதாவது பிருத்தி சந்த் வழியினர். தீர்மல் (ஏழாவது குருவின் அண்ணன்) வழியினர். ராம் ராய் வழியினர், இந்த ராம் ராய் ஏழாவது குருவின் மூத்த மகன், ஔரங்கசீப் சபையில் குரு நானக்கின் வரியில் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னதற்காக அப்பா அவர் முகத்திலேயே விழிக்கவில்லை. எல்லாருமே குருமார்களின் சொந்த ரத்தம். அதே பட்டியலில் பெண் குழந்தையைக் கொல்பவனும் இருக்கிறான்.

பெண் குழந்தை எப்படி அங்கே வந்தது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். 1849இல் பஞ்சாபைப் பிடித்த ஆங்கிலேயர்கள் பெண் சிசுக் கொலைக்காகக் குறிப்பாகப் பேர் சொன்ன குலங்களில் ஒன்று பேதி, குரு நானக்கின் வம்சம். எங்கள் குலத்துக்குச் சமமான குலம் இல்லை, பெண்ணை யாருக்குக் கொடுப்பது என்ற பெருமை. அரசர்களைப் பெறுகிறவளை ஏன் இழிவாகச் சொல்கிறாய் என்று கேட்டவரின் வம்சத்தில். உசிலம்பட்டி செய்திகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு இதைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. 2001 கணக்கெடுப்பில் பஞ்சாபில் ஆறு வயது வரையுள்ள ஆண் பிள்ளைகள் 1000 பேருக்குப் பெண் பிள்ளைகள் 798. 2011இல் 846. ஏறியிருக்கிறது, போதாது.

ஜனவரியில் வரும் லோஹ்ரி பண்டிகையின் நெருப்பு பையன் பிறந்த வீட்டில்தான் பெரிதாக எரியும். என் மகளின் முதல் லோஹ்ரிக்குப் பீஜி தெரு முழுக்கக் கடலை மிட்டாய் கொடுத்துப் பெரிய நெருப்பு மூட்டினார். பெண்ணுக்கு எதற்கு என்று கேட்ட உறவுக்காரரிடம், பானியின் வீட்டில் கேட்டுப் பார் என்றார்.

டிசம்பர் 28

பல மாதம் கழித்து எழுதுகிறேன். நேற்று சிர்ஹிந்தை ஒட்டிய ஃபதேகட் சாகிப் போய் வந்தோம். டிசம்பர் கடைசி வாரத்தில் இங்கே பல வீடுகளில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், பீஜி மாதிரி வயதானவர்கள் தரையில் படுப்பார்கள். குரு கோவிந்த் சிங்கின் மூத்த இரண்டு மகன்கள் சம்கௌரில் சண்டையில் இறந்ததும், சின்ன இரண்டு பேர், ஸோராவர் சிங்கும் ஃபதே சிங்கும், சிர்ஹிந்தில் சுவரில் வைத்து மூடப்பட்டுக் கொல்லப்பட்டதும் இந்த வாரம்தான். வருடம் 1704 என்பார்கள், 1705 என்பவர்களும் உண்டு.

பிடிபட்ட பிள்ளைகளோடு இருந்தது அப்பாவின் அம்மா, மாதா குஜ்ரி. குளிரில் திறந்த கோபுரம். அந்த இரவுகளில் பாட்டி பிள்ளைகளுக்குத் தாத்தா தேக் பகதூர் தில்லியில் எப்படி நின்றார் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பிப்ரவரியில் இந்த வீட்டில் பிறந்ததால் கிடைத்த சொத்து சாவுதான் என்கிற மாதிரி எழுதியிருந்தேன். கோபுரத்துக்குக் கீழே நின்றபோது அது கொஞ்சம் அவசரமாக எழுதியது என்று பட்டது. பாட்டி சொன்ன கதையும் சொத்துதானே, அதை யாரும் பட்டமாகக் கேட்டு வாங்க முடியாது.

பிறகு தம்தமாவில் குருவின் மனைவி மாதா சுந்தரி பிள்ளைகள் எங்கே என்று கேட்டபோது, நாலு பேர் போனால் என்ன, இத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்களே என்று குரு சபையைக் காட்டினார் என்பார்கள். எனக்கு அந்தப் பதிலைவிட அந்தக் கேள்விதான் மனதில் நிற்கிறது. கேட்டவள் அம்மா.

கோபுரத்தில் அந்தப் பிள்ளைகளுக்குக் காவலைத் தாண்டிப் பால் கொண்டுபோய்க் கொடுத்தவர் மோதி ராம் மெஹ்ரா என்று சொல்வார்கள். அந்த நினைவில் வழியெல்லாம் சூடான பால் லங்கர். வரிசையில் நிற்கும்போது என் மகள், ஸோராவர் சிங்குக்கு எத்தனை வயது பீஜி என்று கேட்டாள். ஒன்பது என்றார். எனக்கும் ஒன்பது என்றாள். பீஜி எதுவும் சொல்லவில்லை, தன் சால்வையை எடுத்து அவள் தலையோடு சேர்த்துச் சுற்றிவிட்டு, யாரென்றே தெரியாத ஒரு பெரியவர் நீட்டிய டம்ளரை வாங்கி ஆற்றிக் கொடுத்தார்.